நிறைஞ்சிருக்கு

குக்கரில் வெறும் தண்ணீரை ஊற்றி மூடி, வெயிட்டைப் போட்டு, அடுப்பைப் பற்றவைத்துவிட்டுத் தையல்நாயகி சுவரோடு சாய்ந்து நின்றாள். வெறும் தண்ணிக்கு எதுக்குடி குக்கர் என்று இந்தத் தெருவில் யாரும் கேட்கமாட்டார்கள், எல்லா வீட்டிலும் இதே கூத்துதான். எந்த வீட்டில் விசில் வரவில்லை என்று தெருப் பொறுப்பாளர் வசந்தகோகிலம் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சமைக்காத வீடு என்றால் நாட்டை ஆளுகிற சபைமேல் மனக்குறை இருக்கிற வீடு என்று கணக்கு. அதனால் அரிசி இருக்கோ இல்லையோ விசில் வந்தாகணும். ஐயோ, இல்லையோ என்று நினைத்துவிட்டாளே! சரி, நினைப்பைக் கேட்கிற காது இன்னும் வரவில்லை, வருகிறவரைக்கும் தப்பித்தோம். காலையில் அந்தக் கோகிலமே வாசலுக்கு வந்து, கோலத்தைப் பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டு, உதடு அசையாமல் சொல்லிவிட்டுப் போனாள்: "தையலு, இருப்பு அதிகாரி இன்னைக்கு ஒன் வீட்டுக்கு வர்றாராம். நேரா ஒன் வீட்டுக்குத்தான். ஒன் பொண்ணு பள்ளிக்கூடத்துல என்னமோ சொல்லிவெச்சிருக்கு. நான் சொன்னேன்னு வெளிய தெரிய வேணாம், என் தலை போயிடும்." இருப்பு அதிகாரி வந்தால் அரிசி டிரம்மைத் திறப்பார். அதற்குத்தானே அவருக்கு அந்தப் பேர்.

என்னடி சொன்னே என்று கொடியை உலுக்கியதில் பிள்ளை மிரண்டுபோய்விட்டது. பொற்கொடி என்று பேர் வைத்தது வைத்தி, தையல்நாயகியின் புருஷன். கூப்பிடுவது கொடி என்றுதான். எட்டு முடிந்து ஒன்பது நடக்கிறது, உடம்பைப் பார்த்தால் ஆறு என்பார்கள். "ஒண்ணும் தப்பா சொல்லலம்மா. நல்லதுதான் சொன்னேன்" என்றது. பள்ளிக்கூடத்தில் தினமும் காலையில் நிறைவு நேரம் என்று ஒன்று. அவரவர் வீட்டில் சபையின் தயவால் என்ன நிறைந்திருக்கிறது என்று ஒவ்வொரு பிள்ளையாக எழுந்து சொல்லவேண்டும். மற்ற பிள்ளைகள் எல்லாம் சொல்லிக்கொடுத்ததைச் சொல்லும், மகிழ்ச்சி நிறைந்திருக்கிறது, ஒழுக்கம் நிறைந்திருக்கிறது என்று. இது சமர்த்து, சொந்தமாகச் சொன்னது. எங்க வீட்டுல அரிசி நிறைஞ்சிருக்கு, உப்பு நிறைஞ்சிருக்கு, போன வாரம் எண்ணெய்கூட நிறைஞ்சுபோச்சு, எங்கம்மா டிரம்மைத் திறந்து பார்த்துப் பார்த்துச் சொல்லுவாங்க. டீச்சர் கை தட்டினாராம். எல்லோரையும் கை தட்டச் சொன்னாராம். அதைச் சொல்லும்போது பிள்ளை முகத்தில் இருந்த பெருமையைப் பார்க்கணுமே. அடிப்பாவி மகளே, உனக்கு யாருமே சொல்லித்தரவில்லையே, நானே சொல்லித்தரவில்லையே. அரிசி தீர்ந்துபோனால் தீர்ந்துபோச்சு என்று எந்தப் பொம்பளை வாயைத் திறந்து சொல்லுவாள்? இல்லை என்கிற வார்த்தையைச் சமையல்கட்டில் வைத்துச் சொன்னால் வீடு விளங்குமா? அதனால் நிறைஞ்சிருக்கு என்பது. டின்னைத் தட்டிப் பார்த்துவிட்டு, ஏங்க, உப்பு நிறைஞ்சிருக்கு, வரும்போது வாங்கிட்டு வந்துடுங்க என்று சொன்னால் வைத்தி ஒரு வார்த்தை கேட்காமல் பையை எடுத்துக்கொண்டு போவான். இப்போது வாங்கிவர வைத்தியும் பக்கத்தில் இல்லை, வாங்குவதற்குக் கடையும் அந்தக் கடை இல்லை. பழக்கம் மட்டும் வாயில் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. காலி டிரம்முக்குள் தலையை விட்டு, ஈஸ்வரா, நிறைஞ்சிருக்கே என்று யாருக்கும் இல்லாமல் புலம்பியதை இந்தக் குட்டி கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறது.

சரி, வருகிறார். வந்து, அரிசி எவ்வளவு இருக்கு என்பார். என்ன சொல்லுவது? நிறைய இருக்குங்க என்றால் பதுக்கல். பதுக்கினவர்களைக் கடைத்தெரு மேடையில் நிறுத்தி மைக்கில் அவர்கள் வாயாலேயே சொல்லவைப்பார்கள். இல்லைங்க என்றால் பற்றாக்குறைப் பேச்சு, அது பதுக்கலைவிடப் பெரிய குற்றம், ஏனென்றால் பதுக்கினவன் நெல்லைத்தான் திருடினான், இல்லை என்றவள் நாட்டின் மானத்தையே திருடினாள் என்று ஒலிபெருக்கியில் விளக்கம் சொன்னார்கள். சரி, இல்லை என்று சொல்லாமல் டிரம்மை மட்டும் திறந்து காட்டினால்? இந்த மாத அரிசி எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அங்காடிப் பலகையில் எழுதிப்போட்டிருக்கிறதே, போய்ச் சேர்ந்த அரிசி எங்கே, யாருக்கு விற்றாய் என்பார். அது மூன்றாவது குற்றம். அப்படியென்றால் உண்மையைச் சொல்லிவிடலாம். ஐயா, அது எங்க வழக்குப் பேச்சு, தீர்ந்துபோனதைத்தான் நிறைஞ்சிருக்குன்னு சொல்லுவோம், பிள்ளைக்கு விவரம் தெரியாம சொல்லிடுச்சு. இதைச் சொல்லலாம், சொன்னால் என்ன, இதில் என்ன இருக்கிறது என்று நினைத்த உடனேயே அவளுக்கு உச்சந்தலையில் ஜிலீர் என்றது. அம்மாடி! நாடு முழுக்க அந்த வார்த்தைதானே எழுதிப்போட்டிருக்கிறது. நிறைவு அங்காடி. நிறைவுச் சாலை. நிறைவே எங்கள் நெறி. ரூபாய் நோட்டில்கூட அதுதான். அதற்கு எங்கள் வீட்டில் காலி என்று அர்த்தமுங்க என்று ஒருத்தி சொன்னால், அவளை என்ன செய்வார்கள்?

அஞ்சலையை என்ன செய்தார்களோ அதைத்தான் செய்வார்கள். அஞ்சலை முன்னே மீன் விற்றுக்கொண்டிருந்தவள், வாய் கொஞ்சம் நீளம், மனசு தங்கம். அங்காடி வாசலில் நின்றுகொண்டிருந்தோம் அன்றைக்கு. நின்றுகொண்டிருந்தோம் என்றால் வரிசையில் இல்லை, வரிசை கூடாது, வரிசை நின்றால் பொருள் போதவில்லை என்று அந்நியன் படம் பிடித்துக்கொண்டு போய்விடுவானாம். அதனால் ஒருத்தி வேப்பமரத்தடியில், ஒருத்தி சாக்கடைப் பாலத்தில், ஒருத்தி பிள்ளைக்குப் பேன் பார்க்கிற மாதிரி, ஒருத்தி சும்மா ஊர்க்கதை பேசுகிற மாதிரி. ஆனால் யாருக்குப் பின்னால் யார் என்று எல்லோர் மனசிலும் அச்சடித்த மாதிரி இருக்கும். ஊதாப் புடவைக்கு அப்புறம் நான், எனக்கு அப்புறம் சுருட்டைமுடிக்காரி. கதவு திறந்தால் ஒரு சத்தம் இல்லாமல் மணியாகக் கோர்த்துக்கொண்டு போவார்கள். அன்றைக்குக் கதவு திறக்கவில்லை. உள்ளேயிருந்து ஒரு கை மட்டும் வந்து பலகையை மாட்டிவிட்டுப் போனது, இருப்பு நிறைவு என்று. அஞ்சலை அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "ஆமாண்டி, எங்க வூட்லயும் நெறஞ்சுதான் கெடக்கு" என்று சொல்லிச் சிரித்தாள். எல்லோருக்கும் சிரிப்பு வந்தது. தையல்நாயகிக்கும் வந்தது, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள், எத்தனை காலம் ஆச்சு அப்படிச் சிரித்து. அடுத்த தடவை போனபோது அஞ்சலை இல்லை. அஞ்சலைக்குப் பின்னால் நிற்க வேண்டியவள் அவளுக்கு முன்னால் நிற்க வேண்டியவளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். ஒருத்தியும் எங்கே என்று கேட்கவில்லை. தையல்நாயகியும் கேட்கவில்லை. ஒரு இடம் முன்னேறியிருக்கிறோம் என்று உள்ளுக்குள் ஒரு சின்ன சந்தோஷம்கூட வந்தது, சீ, என்ன ஜென்மம் இது.

விசில் வந்தது. அப்பாடா, கோகிலத்துக்குக் கேட்டிருக்கும். அவள் காதில் விழட்டும். ஜீப் சத்தமா அது? இல்லை, மாவு மெஷின் பக்கம் ஏதோ. மாவு மெஷினில் இப்போது மாவு எங்கே அரைக்கிறார்கள், சுண்ணாம்புக்கல்தான் அரைக்கிறார்கள், கோலத்துக்கு. அரிசி மாவில் கோலம் போட்டால் தானிய விரயம். எறும்புகூட வாசலுக்கு வருவதை விட்டுவிட்டது. தங்கச்சி முறை ஒருத்தியின் கல்யாணத்துக்குப் போயிருந்தாளே, தாலி கட்டும்போது அட்சதைக்குப் பதில் எல்லோர் கையிலும் காகிதத்தைக் கிள்ளிக் கொடுத்தார்கள். அதுவாவது போகட்டும். கோகிலத்தின் மாமனார் செத்தபோது வாய்க்கரிசிக்கு அனுமதி கேட்டுப் போனார்கள், பிணத்துக்கு எதற்கு அரிசி என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கடைசியில் என்ன செய்தார்கள்? ஒவ்வொருத்தராக வந்து வெறும் கையை மூடிக்கொண்டு மூன்று தடவை அந்த மனுஷன் வாயருகே கொண்டுபோய் விரித்தார்கள். கோகிலம் மட்டும் மூன்று தடவையோடு நிற்காமல், இன்னொரு பிடி போடுகிற மாதிரி நாலாவது தடவையும் விரித்தாள். அன்றைக்குத்தான் கோகிலமும் ஒரு பொம்பளை என்று தையல்நாயகிக்குத் தோன்றியது. நெல்லுக்கு நடுவிலே இருக்கிற ஊர் இது. கொல்லைக் கதவைத் திறந்தால் கண்ணுக்கு எட்டின மட்டும் வயல், கதிர் தலை சாய்ந்து நிற்கிறது, காற்று அடித்தால் அந்த வாசனை அடுப்படிவரைக்கும் வருகிறது. அறுத்த அன்றைக்கே சபை லாரி வந்து அள்ளிக்கொண்டு போய்விடும். அறுக்கிறவன் மடியை உதறிக் காட்டிவிட்டுத்தான் வரப்பில் ஏறணும். வாசனையை மட்டும் அள்ளிக்கொண்டு போக அவர்களுக்குத் தெரியவில்லை. அதுதான் பெரிய கொடுமையாக இருக்கிறது, அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டு பிள்ளை, அம்மா சோறு வாசம் வருதும்மா என்கிறபோது.

தன்னைப் பிடித்துக்கொண்டு போகட்டும். நிஜமாகத்தான் நினைத்தாள், வீம்புக்கு இல்லை. மேடையில் நிறுத்தட்டும், பணிப்படைக்கு அனுப்பட்டும், வைத்தியை அனுப்பவில்லையா, எங்கேயோ கால்வாய் வெட்டுகிறான், உயிரோடு இருக்கிறான் என்றுதான் நம்புகிறாள். ஆனால் பிள்ளையை என்ன செய்வார்கள்? அதுதான் கேள்வி, வேறு கேள்வியே கிடையாது. குற்றம் செய்தவள் வீட்டில் பிள்ளை வளரக்கூடாது, சபை விடுதிக்குக் கொண்டுபோய்விடுவார்கள். எதிர்வீட்டு இரட்டைப் பிள்ளைகளைக் கொண்டுபோனார்களே. ஒரு தடவை லீவுக்கு வந்தன. மொட்டை அடித்த மாதிரி முடி, இஸ்திரி போட்ட சட்டை, கன்னம் கொஞ்சம் உப்பியிருந்தது, அங்கே சோறு போடுகிறார்கள், அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். பெற்றவள் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். இரண்டும் கையை உடம்போடு ஒட்டிவைத்துக்கொண்டு நின்றன, அவள் முடிக்கிறவரைக்கும் பொறுத்துக்கொண்டு. தண்ணி குடிக்கிறியாடா கண்ணு என்றால், நன்றி அம்மையார் என்கின்றன. அம்மையார்! சுமந்து பெற்றவளை. அவள் அன்றைக்கு ராத்திரி சுவரில் முட்டிக்கொண்டு அழுத சத்தம் தெருவுக்கே கேட்டது. சோறு போடுகிறார்களே, கொடிக்கும் சோறு கிடைக்குமே என்று ஒரு நினைப்பு எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டது. தையல்நாயகி தன் கன்னத்திலேயே ஒரு அறை விட்டாள். சோறு போட்டால் கொடுத்துவிடுவாயாடி? கொடுத்துவிடுவாயா? பதில் சொல்லத் தெரியவில்லை, அதுதான் பயமாக இருந்தது. கொடி ஓடிவந்து, "ஏம்மா அடிச்சுக்கறே?" என்றது. கொசு என்றாள்.

இப்போதாவது சொல்லிவிடலாமா இதற்கு? உட்காரவைத்து, கண்ணு, அம்மா நிறைஞ்சிருக்குன்னா என்ன அர்த்தம் தெரியுமா என்று. சொன்னால் புரிந்துகொள்ளும், கெட்டிக்காரி. புரிந்துகொண்டபின் நாளைக்கு நிறைவு நேரத்தில் எழுந்து நின்று என்ன சொல்லும்? பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. முகத்திலேயே எழுதி ஒட்டியிருக்கும். தெரியாமல் சொன்னால் தப்பு, தெரிந்துகொண்டு சொன்னால் அதைவிடத் தப்பு. வாயை மூடிக்கொண்டு இரு என்றால், ஏன் இருக்கணும் என்று அதையும் டீச்சரிடம் கேட்கும். டிரம்மில் மணலைக் கொட்டி மேலே அரிசியைத் தூவிவிட்டால்? தூவுவதற்குத்தான் அரிசி வேண்டுமே, மக்கு. கோகிலத்திடம் கேட்டால்? அவள் வீட்டில் மட்டும் என்ன, அவள் வீட்டிலும் தண்ணி விசில்தான், விசிலைக் கேட்டாலே தெரியும், அரிசி இருந்தால் கஞ்சி தெளிக்கும், சத்தம் கொஞ்சம் கரகரக்கும். இது சுத்தமான விசில், தெரு முழுக்கச் சுத்தமான விசில். வைத்தி இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பான்? ஒன்றும் சொல்லியிருக்கமாட்டான், பையைத்தான் தேடியிருப்பான். அதை நினைத்ததும் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழக்கூடாது, கண் சிவந்திருந்தால் ஏன் என்பார். ஜீப் சத்தம். இது ஜீப்தான். தெருமுனையில் திரும்புகிறது. கோகிலம் வீட்டைத் தாண்டுகிறது. தாண்டிப் போயிடு, தாண்டிப் போயிடு, தையல்நாயகி அம்மா, எனக்குப் பேரு குடுத்த சாமியே, என் பிள்ளையைக் காப்பாத்து. பிரேக் போட்டது. கொடி, "அம்மா, நம்ம வீட்டுக்குத்தாம்மா!" என்று குதித்துக்கொண்டு வாசலுக்கு ஓடிவிட்டது.

வந்தவர் சின்ன வயசுக்காரர். சிரித்த முகம். பின்னால் ஒருத்தர் தோளில் கேமரா, இன்னொருத்தர் தோளில் ஒரு மூட்டை. "வணக்கம்மா. பயப்படாதீங்க. நல்ல விஷயமாத்தான் வந்திருக்கோம்" என்றார். "உங்க வீட்ட இந்த மாவட்டத்தோட நிறைவு இல்லமா எடுத்திருக்காங்க. பாப்பா அவ்ளோ அழகா பேசிருக்கு. சும்மா டிரம்மத் திறந்து காட்டுங்க, படம் எடுத்துட்டுப் போயிடறோம்." தையல்நாயகிக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் அசைவதற்குள் கொடி சமையல்கட்டுக்கு ஓடி, எக்கி, டிரம் மூடியைத் தூக்கிவிட்டது. உள்ளே பார்த்தது. கையை விட்டுத் துழாவியது, தகரம் டங் டங் என்றது. நிமிர்ந்து, "அம்மா, நிறைஞ்சிருக்குன்னு சொன்னியே?" என்றது. மூட்டைக்காரர் கூரையைப் பார்த்தார். அதிகாரி டிரம்மைப் பார்த்தார், அப்புறம் தையல்நாயகியைப் பார்த்தார், பார்த்த பார்வையிலேயே அவளுக்குத் தெரிந்துபோனது, இந்த மனுஷனுக்கு அர்த்தம் தெரியும், இவரும் எந்த அடுப்படியிலோ இந்த வார்த்தையைக் கேட்டு வளர்ந்தவர்தான். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது. கொடி பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். "பாப்பா, நல்லாப் பாரு. நிறைஞ்சுதான் இருக்கு." கொடி டிரம்முக்குள் பார்த்தது. அவரைப் பார்த்தது. அப்புறம் அம்மாவைப் பார்த்தது, ரொம்ப நேரம் பார்த்தது, அந்தச் சின்ன முகத்தில் ஏதோ ஒன்று மெல்ல மெல்லப் புரிந்துகொண்டு வருவதைத் தையல்நாயகி நின்ற இடத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தடுக்க முடியவில்லை. "ஆமா சார்" என்றது கொடி. "நிறைஞ்சிருக்கு."

மூட்டையைப் பிரித்துக் கொட்டினார்கள். அரிசி விழுகிற சத்தம் எவ்வளவு நாளைக்கு அப்புறம், கொடி வாயைப் பிளந்துகொண்டு நின்றது. தையல்நாயகியைக் கையை உள்ளே விட்டு அள்ளி அள்ளிக் காட்டச் சொன்னார்கள், காட்டினாள். பழைய அரிசி, நல்ல அரிசி, விரலிடுக்கில் மாவு ஒட்டியது. படம் எடுத்து முடித்ததும் முறத்தால் வாரி மூட்டையில் கட்டிக்கொண்டார்கள், மூலையில் ஒட்டியிருந்ததைக்கூடத் துணியால் துடைத்து எடுத்தார்கள், அடுத்த மாவட்டத்துக்கும் போகவேண்டுமாம். போகட்டும். எல்லாம் போகட்டும். பிள்ளை இருக்கிறது, பிள்ளையை விட்டுவிட்டார்கள், அது போதும் என்று அவள் அப்போதுதான் முதல்முறையாக மூச்சை முழுசாக விட்டாள். அதிகாரி கொடியின் தலையில் கை வைத்தார். "இதுமாதிரி பிள்ளைங்க வீட்டுல இருந்து வீணாகக் கூடாதும்மா. பார்த்த உடனே புரிஞ்சுக்குது பாருங்க. விடுதியில சேர்க்கச் சொல்லி நானே எழுதறேன். சாதாரணமா யாருக்கும் கிடைக்காத மரியாதை. இன்னைக்கே எங்ககூட வந்துடட்டும், துணிமணி எதுவும் வேணாம், அங்க எல்லாம் குடுப்பாங்க." அப்புறம் கேமராக்காரரைப் பார்த்துத் தலையை அசைத்துவிட்டு, மைக்கைத் தையல்நாயகியின் முகத்துக்கு நேராக நீட்டினார். "பெத்தவங்க வாயால ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்க மனசு இப்போ எப்படி இருக்கு?"

அவள் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டாள். வாய் தானாகத் திறந்தது.

"மனசு நிறைஞ்சிருக்குங்க" என்றாள்.

அதிகாரி நல்லது என்றார். கொடி மட்டும் சடாரென்று நிமிர்ந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தது. பார்த்துவிட்டு, அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு, ஓவென்று அழ ஆரம்பித்தது.

"எடுங்க, எடுங்க, விடாம எடுங்க" என்றார் அதிகாரி. "சந்தோஷத்துல அழுவுது."